மாப்பிள்ளையைப் பிடித்த நண்டு

மிளகாய் நம் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்காத காலம். குழம்பில் காரம் வேண்டுமென்றால் மிளகைத்தான் இடிக்க வேண்டும். ராஜாக்கள் யானை மேல் போனார்கள். மற்றவர்கள் வரப்பு மேல் போனார்கள். ராஜா கதை கேட்க வந்தவர்கள் மன்னிக்கவும், இது வரப்புக் கதை.

அந்தக் காலத்தில் மருதப்பன், மருதப்பன் என்று ஒருவன் இருந்தான். நிலம் கொஞ்சம், பலம் அதைவிடக் கொஞ்சம். ஆனால் தொண்டைக்குள் ஒரு சந்தையே வைத்திருந்தான். காக்கை போலக் கரைந்தால் காக்கை கூடும். தலையாரி போலச் செருமினால் திருடன் ஓடுவான். மோர்க்காரி போலக் கூவினால் தெருவே சொம்போடு வந்து நிற்கும். வந்தவர்கள் ஏமாந்து திட்டுவார்கள். அவர்கள் திட்டு முடிவதற்குள் அவர்கள் குரலையும் படித்து வைத்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவனுக்கும் பெண் கொடுத்தார்கள். பெண் பெயர் வேம்பி. பக்கத்து ஊர் தேனப்பன் மகள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நடவு முடிந்ததும் புது மாப்பிள்ளைக்கு நண்டு விருந்து. சொந்தக்காரர்கள் வருவார்கள், சேக்காளிகள் வருவார்கள், வாசனை பிடித்து மற்றவர்களும் வருவார்கள். ஆனால் மாப்பிள்ளை சும்மா வந்து உட்கார முடியாது. வரப்பு வளைக்குள் கையை விட்டு ஒரு நண்டாவது பிடித்து, மாமியார் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முதல் பந்தியில் முதல் இலை. கொடுக்காவிட்டால் உரலடியில் உட்கார்ந்து எல்லோருக்கும் மிளகு இடிக்க வேண்டும். அப்படி இடித்தவனை ஊர் அதன்பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடாது. ‘மிளகு மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடும். பேரன் பிறந்தாலும் ‘மிளகு மாப்பிள்ளை பேரன்’ என்றுதான் சொல்லும்.

மருதப்பனுக்குப் புலி போல உறுமத் தெரியும். நண்டைக் கண்டால் மட்டும் நாலு வரப்பு தள்ளிப் போய் நிற்பான்.

விருந்தன்று காலையில் நான்கு பேர் வயலுக்குப் போனார்கள். மாமனார் தேனப்பன் முன்னால். மைத்துனன் சடையன் நடுவில். வேம்பி இடுப்பில் பானையோடு. மருதப்பன் கடைசியில், முடிந்த அளவு கடைசியில். மற்ற மூவரும் வளைக்கு வளை கைவிட்டு நண்டை எடுத்துப் பானையில் போட்டார்கள். பிறகு தேனப்பன் ஒரு வளையைக் காட்டினார்.

“மாப்பிள்ளை, வளை வாயில ஈரமண்ணு புதுசா கிடக்குது பாருங்க. உள்ள ஆளு இருக்கு. விடுங்க கைய.”

மருதப்பன் கொட்டாவி விடுவது போல் வாயைப் பொத்தித் திரும்பினான். தூரத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது. “ஏங்க, பசு கட்டவுத்துக்கிட்டு ஓடுதுங்க.” தேனப்பன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சடையன் அடுத்த வளையைக் காட்டினான். “அப்பா இல்லன்னா என்ன மச்சான், நான் இருக்கேன்ல. இந்த வளையில விடுங்க.”

மருதப்பனுக்கு இரண்டாவது கொட்டாவி வந்தது. தேனப்பன் குரல் கேட்டது. “அடேய் சடையா, மடை ஒடைஞ்சு தண்ணி போவுது. வீட்டுல மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடியாடா.” சடையன் ஓடினான்.

மிச்சம் வேம்பி. “ஏங்க, சின்ன வளையாவே பாப்போம். நான் பக்கத்துல நிக்கிறேன்,” என்றாள் பாவம்.

மூன்றாவது கொட்டாவி. மறுபடி மாமியார் குரல். “அடியே வேம்பி, உலை பொங்குது, எனக்கென்ன நாலு கையா இருக்கு.” பானையை வரப்பில் வைத்துவிட்டு அவளும் ஓடினாள்.

இப்போது வயலில் இருப்பது யார்? மருதப்பன். பானையில் இருப்பது யார்? நண்டுகள். உங்களுக்குத் தோன்றியதேதான் அவனுக்கும் தோன்றியது. வளைக்குள் ஏன் கைவிட வேண்டும்? பானைக்குள் விட்டால் போதாதா? கொழுத்ததாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய், “அத்தை, இந்தாங்க,” என்று கொடுத்தால் யார் கண்டது?

கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். கையை உள்ளே விட்டான். கொழுத்த நண்டு எது என்று அவன் தேடவே இல்லை. கொழுத்த நண்டே அவனைத் தேடி வந்து கட்டைவிரலைக் கவ்வியது.

கையை உதறினான், நண்டும் சேர்ந்து ஆடியது. வரப்பில் தட்டினான், இன்னும் இறுக்கியது. கெஞ்சினான், அது கேட்பதாக இல்லை. ரத்தம் சொட்டியது. ஆள் வந்தாக வேண்டும். ஆனால் புது மாப்பிள்ளை நண்டுக்குப் பயந்து கத்தினான் என்று ஊர் பேசலாமா? அதனால் அவன் தன் குரலில் கத்தவில்லை.

இங்கே வீட்டுக் கொல்லையில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பசு கட்டிய இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தது. மடை உடையவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அப்போது வயலிலிருந்து மாமியார் குரல் கேட்டது. “ஏங்க, சீக்கிரம் ஓடி வாங்க.”

மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே நிமிர்ந்தார். “நான் இங்கல்ல இருக்கேன். அங்க கத்துறது யாரு?”

அடுத்து தேனப்பன் குரல். “அடேய் சடையா, ஓடியாடா.”

தேனப்பன் முகம் கோணிவிட்டது. “என் குரல் இவ்வளவு கேவலமாவா இருக்கு?”

“இதைவிடக் கொஞ்சம் மோசம்,” என்றார் மாமியார்.

அடுத்து சடையன் குரல். “அப்பா, அப்பா, செத்தேன்பா.”

“நான் செத்துட்டேன்பா,” என்றான் சடையன் சிரித்தபடி. “மச்சான் நல்லா வித்தை காட்டுறாரு. காட்டட்டும்.”

யாரும் நகரவில்லை. பூண்டு உரிப்பது நடந்தது.

அதன்பிறகு ஒரு சத்தம் வந்தது. மெலிசாக, நடுக்கமாக, நனைந்த ஆட்டுக்குட்டி கத்துவது போல. “ஐயையோ, வலிக்குதே, யாராவது வாங்களேன்.”

சிரிப்பு நின்றது. “யாரது?” என்றார் தேனப்பன். மாமியாருக்குத் தெரியவில்லை. சடையனுக்குத் தெரியவில்லை. வேம்பிக்குக்கூடத் தெரியவில்லை. தாலி கட்டிய நாளிலிருந்து அவளிடமும் அவன் யார் யார் குரலிலோதான் பேசியிருந்தான். “யாரோ வழிப்போக்கன் மாட்டிக்கிட்டான் போல,” என்று நான்கு பேரும் ஓடினார்கள்.

போய்ப் பார்த்தால் வரப்பில் மாப்பிள்ளை. மாப்பிள்ளை விரலில் நண்டு.

“நீங்களா கத்துனது?” என்றாள் வேம்பி.

“நான்தான்,” என்றது ஆட்டுக்குட்டி.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து வாய்க்கால் தண்ணீருக்குள் அமுக்கினாள். “ஆட்டாம வச்சிருங்க. தண்ணியக் கண்டா அதுவே விட்டுடும்.” நண்டு கொஞ்சம் யோசித்தது. பிறகு விட்டது. விட்டதைச் சடையன் பிடித்துக்கொண்டான்.

“அம்மா, மச்சான் கையில நண்டு இருந்துச்சா இல்லையா? வழக்கப்படி இலை போட்டுடலாமா?” என்றான் அவன், உதட்டைக் கடித்துக்கொண்டு.

மாமியார் நண்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வாயில் ஈரமண் கலையாமல் கிடந்த வளையைப் பார்த்தார்.

“பிடிச்சவங்களுக்குத்தான இலை? இவரு நண்டைப் பிடிக்கல. நண்டு இவ்வளவு பெரிய மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. இலையை அதுக்குப் போடு.”

அப்படியே நடந்தது. முதல் பந்தி, முதல் இலை, அதில் அந்த நண்டு. உப்பு வைத்தார்கள். சோறு வைத்தார்கள். நண்டு மரியாதையாகப் பக்கவாட்டில் நடந்து இலையை விட்டு இறங்கி வாய்க்காலைப் பார்க்கப் போனது. விருந்தாளியை யாரும் தடுக்கவில்லை.

மற்ற நண்டுகளுக்கு அந்த யோகம் இல்லை. ஓட்டைக் கழற்றி, தட்டி, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, கொதிக்கக் கொதிக்க இறக்கியிருந்தார்கள். அதில் போட்ட மிளகு அத்தனையும் மருதப்பன் இடது கையால் இடித்தது. வலது கையில்தான் கட்டு இருந்ததே.

பந்தியில் பேச்சே இல்லை. உறிஞ்சும் சத்தம், கடிக்கும் சத்தம், மூக்கை இழுக்கும் சத்தம். குழம்பு குறையக் குறைய ஒருவன் கேட்டான். “மிளகு மாப்பிள்ளை, எங்க தேனப்பன் மாமா மாதிரி பேசிக் காட்டுங்களேன்.”

மருதப்பன் உலக்கையைச் சாத்தினான். வாயைத் திறந்தான். தேனப்பன் குரல் வரவில்லை.

“நான் பயந்தாங்கொள்ளிங்க,” என்றது ஆட்டுக்குட்டிக் குரல். “வளையில விடப் பயந்து பானையில கைவிட்டேன். ஒரு நண்டுகிட்ட அழுதேன். என் பொண்டாட்டிக்கே நான் யாருன்னு தெரியல.”

 பந்தி சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குப் புரையேறியது. எத்தனை குரல் எடுத்தும் அவனுக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. தேனப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்த மாப்பிள்ளையை இப்பத்தான் பாக்குறேன்,” என்றார்.

வேம்பி தன் இலையோடு எழுந்து உரலடிக்கு வந்து உட்கார்ந்தாள். பெரிய கொடுக்கு ஒன்றைப் பல்லால் உடைத்து, சதையை எடுத்து அவன் இடது கையில் வைத்தாள்.

“இன்னொரு தரம் பேசுங்க,” என்றாள். “அந்தக் குரல்லயே.”

பெரியவர்களே, சின்னவர்களே, ஊரார் குரல் அத்தனையும் நம் தொண்டையில் இருக்கலாம், ஆனால் உதவிக்கு ஆளைக் கூட்டி வருவது நம் சொந்தக் குரல் மட்டும்தான்.