மாசிலாமணியும் பீரோக்காரனும்

மாசிலாமணியை முழு முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பட்டத்தில் அவனுடைய விடுதிச் சிநேகிதர்கள் தங்கப்பழத்துக்கும் கொம்பையாவுக்கும் சரிபங்கு உண்டு. ஆனால் கல்லூரி முதலாண்டில் 'மேடைப் பேச்சு' பாடத்தில் இரண்டு முறை குப்புற விழுந்தவன் அவன் ஒருவன்தான். மேடையேறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடவையும் தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாமாவின் தவிட்டுக் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

"கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுப்பா. எதிர்ல இருக்கவங்கள பூசணிக்காயா நெனச்சுக்கோ, பயம் போயிரும்" என்றார் அந்தப் பாடம் நடத்தும் கோமதி மேடம்.

விடுதியில் ஆளுயரக் கண்ணாடி வார்டன் அறை பீரோவில் மட்டும்தான் உண்டு. ஒரு மாதம் அதன் முன் நின்று மழைநீர் சேமிப்பைப் பற்றிப் பேசினான். பேச்சு தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

தேர்வன்று காலையில் ஆள் அழாக்குறையாக உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, அவன் அங்க வரமாட்டானே!"

"எவன்?" என்றான் தங்கப்பழம்.

"கண்ணாடிக்காரன்தான். அவன்கிட்டத்தானே பேசிப் பழகுனேன்? அங்க இருக்கது பூராவும் வேத்து மூஞ்சி."

தங்கப்பழம் வெகுநேரம் யோசித்தான். "அவன் பீரோவுலதானலே இருக்கான்? பீரோவோட தூக்கிருவோம்."

"கதவத் தொறந்துராதீங்க, ஓடிருவான்" என்று எச்சரித்தான் கொம்பையா.

துணிமணியெல்லாம் பீரோவுக்குள் இருந்ததால் வார்டன் ஈரத் துண்டோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

மேடையில் பீரோ ஏறியது. அதைப் பக்கவாட்டில் வைத்தார்கள். மாசிலாமணி கண்ணாடியைப் பார்த்து, சபைக்குத் தோளைக் காட்டி நின்றான்.

"சபையப் பாத்து நில்லுப்பா!" என்றார் மேடம்.

சிநேகிதர்கள் உடனே பீரோவைச் சபைப் பக்கம் திருப்பினார்கள். கண்ணாடிக்காரனைக் காணோம். பதறிப்போன மாசிலாமணி கீழே இறங்கித் தேடினான். முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்ததும், கண்ணாடிக்காரன் மேடையில் தெரிந்தான். போன உயிர் திரும்பி வந்தது.

"பெரிய பூசணிக்காய் முதல்வர் அவர்களே! சின்னப் பூசணிக்காய்களே!" என்று தொடங்கி, மூன்று நிமிடம் தடங்கலே இல்லாமல் பேசி முடித்தான். கைத்தட்டல் அடங்கவில்லை. முதல்வர் மட்டும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மேடம் மதிப்பெண் தாளை நீட்டினார். "பாஸ்! மேடையில பேசுன ஆளு இதுல கையெழுத்துப் போடணும்."

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவைத் திறந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

"நான் கீழல்லா இருந்தேன். மேடையில பேசுனது அவன்."

"நியாயம்தான். அப்போ அவனே போடட்டும்" என்றான் தங்கப்பழம்.

மூவரும் தாளோடு பீரோவிடம் போனார்கள். மாசிலாமணி வலது கையில் பேனாவைப் பிடித்துக்காட்டினான். கண்ணாடிக்காரனும் பேனாவைத் தூக்கினான். கொம்பையா உற்றுப் பார்த்துவிட்டு மேடத்திடம் ஓடிவந்தான்.

"மேடம், அவன் இடக்கையன். ஒரு மாசம் டைம் குடுங்க, வலக்கையால எழுதப் பழக்கிருதோம்."