தொட்டித் தண்ணியில தெரிஞ்ச தம்பி

ஒரு ஊர்ல ஒரு அக்காவாம், ஒரு தம்பியாம். ஊரு கிட்டக்க இல்ல, கடல் தாண்டி ஜப்பான்ல. அக்கா பேரு கிசா. மரப்பலகையில டொக் டொக்குனு படம் செதுக்குறவ. தம்பி ஹனோசுகே, கபுகினு ஒரு நாடகம், அதுல நடிக்கிறவன். அங்க பொம்பள வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. இவன் கட்டினா ஊரே சொக்கிப்போகும். கேக்குறியா? ம் சொல்லு.

அந்த ஊர்ல பண்டிகைக்குப் பண்டிகை ஒரு நடிகர் படம் அச்சடிச்சு விப்பாங்க, நம்ம காலண்டர்ல சினிமாக்காரங்க வருவாங்களே, அப்படி. ஏழாம் மாசம் நட்சத்திரப் பண்டிகைக்கு நம்ம ஹனோசுகே. வானத்துல நெசவு நெய்யிற பொண்ணு ஒருத்தி, வானத்துலயே ஓடுற ஆத்துக்கு அந்தக் கரையில அவ புருஷன். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் ரெண்டு பேரும் பாத்துக்குவாங்களாம். அந்தப் பொண்ணு வேஷம் இவனுக்கு.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஓவியர் குடுக்குற மெல்லிசு தாளைப் பலகையில குப்புற ஒட்டணும். அப்போதான் அச்சு நேரா விழும். கிசா பசை தடவிட்டு இருந்தப்போ நாடகக் கொட்டகை ஆள் ஒருத்தன் வந்து சொன்னான், உன் தம்பிக்குக் கடும் ஜுரம், கண்ணே தொறக்கலன்னு. அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தாளை மல்லாக்க ஒட்டிட்டா. அது தெரியாமலே நாலு நாள் செதுக்கினா. மனசு பூரா தம்பிகிட்டயே கெடந்துது, பாவம்.

பண்டிகைக்கு முதல் நாள் காலையில மை தடவி, தாள் வச்சு, சர்ர் சர்ர்னு தேச்சு எடுத்துப் பாத்தா, படம் இடம் வலம் மாறி விழுந்திருக்கு. மாறினா என்னங்கிறியா? அங்க உடுப்பு இடப்பக்கம் மேல வர்ற மாதிரிதான் மடிச்சுக் கட்டுவாங்க. வலப்பக்கம் மேல வந்தா செத்தவங்களுக்குக் கட்டுறது. ஜுரத்துல கெடக்குற தம்பிக்குத் தன் கையாலயே அப்படிக் கட்டிவிட்டுட்டா. ஊர் பாத்தா அவன் போயிட்டான்னு அழும். அவன் பாத்தா?

அப்போ அந்த மடிப்பை மாத்திச் செதுக்கப் பாத்தா. அவசரத்துல உளி முனை படக்குனு ஒடிஞ்சுது. அப்புறம் அச்சடிச்ச தாள்ல மடிப்பு மேல கருப்பு மையப்பிப் பாத்தா. மை குபுகுபுன்னு கழுத்து வரைக்கும் ஊறி இன்னும் பயங்கரமா ஆச்சு. அப்புறம் படக்கடைக்காரர்கிட்ட ஓடினா, இந்தப் படம் மட்டும் வேண்டாம்னு கெஞ்சினா. அவரு நல்ல மனுஷன்தான். "மத்த பண்டிகைக்கெல்லாம் படம் தொங்கி, உன் தம்பி படம் மட்டும் இல்லன்னா, ஊரு என்னம்மா நினைக்கும்?" அப்படின்னாரு. அதுவும் சரிதானே.

தூங்கிட்டியா? ம். சரி.

திரும்பி வர்ற வழியில வாசல் வாசலா தண்ணித் தொட்டி. அந்தப் பண்டிகைக்கு நட்சத்திரத்தை நிமிந்து பாக்கமாட்டாங்க, தொட்டித் தண்ணியில குனிஞ்சு பாப்பாங்க. கிசா மைக்கையைக் கழுவ அவ வீட்டுத் தொட்டியில குனிஞ்சா. தண்ணியில அவ மொகம். அவ உடுப்பு. மடிப்பு மாறி இருக்கு. அய்யோ, நானும் செத்தேனான்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. அப்புறம்தான், தண்ணியில பாத்தா எல்லாருக்கும் மாறித்தான் தெரியும்னு ஒறச்சுது.

அவ்ளோதான், ஒரே ஓட்டம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை, கருப்புக்கு ஒண்ணுன்னா நீலத்துக்கு வேற இல்லையா? புது உளி, புதுப் பலகை, டொக் டொக் டொக். தம்பியைச் சுத்தி வட்டமா ஒரு தொட்டி விளிம்பு, மேல மெல்லிசா ரெண்டு மூணு அலை. வேற ஒண்ணுமே மாத்தல. பொழுது சாயறதுக்குள்ள அச்சு போட்டு, கடைக்குப் போனது போக ஒண்ணைச் சுருட்டிட்டுத் தம்பிகிட்ட ஓடினா.

அவன் மெதுவா கண்ணைத் தொறந்து ரொம்ப நேரம் பாத்தான்.

"அக்கா, இது தண்ணியில தெரியிற நெழலு. அப்போ நான் எங்க இருக்கேன்?"

"படத்துக்கு வெளியில, தங்கம். கரையில நின்னு குனிஞ்சு பாத்துட்டு இருக்க."

அவன் எழுந்து உக்காந்தான். அப்புறம், "பசிக்குதுக்கா" அப்படின்னான்.

கஞ்சி கொதிச்சுது, கதை கரையேறிடுச்சு. நீ கண்ணை மூடு.