தொட்டிக்கு வெளியே ஒரு வாய்

பந்து வயிற்றில் பட்டதும் வறட்டுக்குளத்துக் கோலைக் காத்து நின்ற உடும்பு அதைக் கட்டிக்கொண்டது. கரும்போரத்துப் பன்றிகள் இரண்டு அதன் மேல் வந்து விழுந்தன. பனையோலையில் முடைந்த பந்து நசுங்கியது. உடும்பு விடவில்லை.

"அண்ணே, விடுங்க. ஆட்டம் முடிஞ்சாச்சு," என்றது கீரி. அது வறட்டுக்குளத்து அணியின் தலைவர்.

"நாரை அலகைத் தட்டட்டும், தம்பி. அப்புறம் விடறேன்," என்றது உடும்பு, மண்ணில் முகம் புதைந்தபடி.

நடுவர் நாரை அலகைப் படபடவென்று தட்டியது. அணிக்கு ஒரு கோல். சமம். வறட்டுக்குளம் கரும்போரத்திடம் தோற்காமல் திரும்பியது அதுதான் முதல் முறை. மைதானத்தைச் சுற்றி மைனாக்கள் கிளையில் இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத ஆட்டத்தைப் பார்த்து அவற்றுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கரும்போரத்துக் காட்டை ஒட்டி மனிதர்களின் கரும்பு வயல் இருந்தது. அங்கே தீனிக்குக் குறைவில்லை. எந்த அணியில் ஒரு குட்டி நன்றாக உதைத்தாலும் மறுநாள் அதன் வாயில் கரும்பு இருக்கும். அடுத்த ஆட்டத்தில் அது கரும்போரத்துக்கு ஆடும். பன்றிகள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தன. மைனாக்கள் பாதியில் எழுந்து போயின. பிறகு வரவே இல்லை. கடைசியில் கரும்போரத்துத் தலைவரான கிழட்டுப் பன்றிக்கே அலுத்துவிட்டது.

"ஜெயிச்சா அதை யாராச்சும் பார்க்கணுமில்ல," என்று அதுவே சபையைக் கூட்டியது.

சபை ஒரு சட்டம் போட்டது. மைதானத்து ஓரத்தில் அணிக்கு ஒன்றாக, ஒரே அளவில் கல்தொட்டிகள் வைத்தார்கள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் வாரத் தீனி முழுவதும் அந்த ஒரு தொட்டியில் அடங்க வேண்டும். தொட்டி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் ஒரு கிழங்குகூடக் கொடுக்கக் கூடாது. கரும்போரத்தில் ஆட்டக்காரர்கள் அதிகம். ஆளாளுக்குப் பங்கு சுருங்கியது. பல பேர் சொந்த அணிக்கே திரும்பினார்கள். அந்த வருஷம் ஆட்டம் ஆட்டமாக இருந்தது.

வறட்டுக்குளத்துக்குத் தொல்லை வெளியிலிருந்து வரவில்லை.

"தலைவரே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றது முயல். அது அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். "தொட்டியில பாதி உடும்பண்ணன் வயித்துக்குப் போவுது. மீதியில நாங்க அத்தனை பேரும் மூக்கை நுழைக்கிறோம்."

"அவர் இல்லாட்டி நாம வாங்குற கோலை அள்ளிப் போடக் குளமே பத்தாது."

"அதுக்காக? வெறும் வயித்தோட ஓடினா காதுதான் ஆடுது. காலு ஆட மாட்டேங்குது."

மற்றவர்கள் சிரித்தார்கள். கீரியும் சிரித்தது. கோல் ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்புக்கு இது கேட்டது. அன்றைக்கு அது தொட்டியில் கொஞ்சம் மேய்ந்துவிட்டு, பசி இல்லை என்று எழுந்து போய்விட்டது. மறுநாளும் அப்படியே செய்தது. கீரியால் அதைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சபையில் கீரி எழுந்து நின்றது.

"சட்டத்தை மாத்தச் சொல்லலை. சின்னதா ஒரு சலுகை கேக்குறேன். ஓர் அணிக்கு ஒரே ஓர் ஆட்டக்காரர் மட்டும் தொட்டிக்கு வெளியே சாப்பிடலாம்னு வெச்சுக்கலாம். எங்க கோல்கீப்பருக்கு நாங்க நாலு இடத்துல தேடிக் கொடுத்துக்குவோம். மத்தவங்க பங்குல கை வைக்க வேணாம் பாருங்க."

கிழட்டுப் பன்றி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியது.

"அந்த ஒரு ஆள், எங்களுக்கும் உண்டா தம்பி?"

"சட்டம்னா எல்லாருக்கும்தானே, ஐயா."

"அப்பச் சரி. நீ கேட்டு நான் இல்லேன்னா சொல்லப் போறேன்."

நாரை ஒற்றைக் காலை மாற்றி வைத்தது. "வெளியே சாப்பிடுறதுக்கு ஓர் அளவு வேண்டாமா?"

"ஒரு வயிறு எவ்வளவு கொள்ளும்? அதுக்கு எதுக்குங்க அளவு?" என்றது கீரி. சபையில் எல்லாரும் சிரித்தார்கள். சலுகை நிறைவேறியது. கீரி மைதானத்திலிருந்து குளக்கரை வரைக்கும் துள்ளிக்கொண்டே போனது.

சில நாள் நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில் முயலுக்குப் பங்கு கூடியது. உடும்புக்காகக் கீரி பாறை இடுக்கிலும் புதரிலும் முட்டை தேடியது. ஈசல் பிடித்தது. பிறகு மழை தவறியது. முட்டையும் இல்லை, ஈசலும் இல்லை. வெளியே கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று சொல்லவில்லை.

ஒரு மாலையில் கீரி இரண்டு தவிட்டுக்குருவி முட்டைகளோடு வந்தது. உடும்பு அவற்றைத் தொடவில்லை.

"பன்றி வந்திருந்தார், தம்பி."

"பார்த்தேன்."

"வயல் வரப்புல நண்டு இருக்காம். எனக்கு மட்டும் இல்ல, என் குஞ்சுங்க எல்லாத்துக்குமாம். பக்கத்துலேயே ஈரமான புத்து ஒண்ணு தர்றேங்கிறார்."

"போன வருஷமும்தான் அவருக்கு நண்டு இருந்துச்சு."

"இருந்துச்சு. கொடுக்க முடியாம இருந்துச்சு."

கீரி முட்டைகளை உடும்பின் பக்கம் தள்ளியது. "இதைக் குஞ்சுங்களுக்காச்சும் எடுத்துட்டுப் போங்கண்ணே."

"எனக்கு மட்டும்னா நான் இங்கேயே கெடப்பேன், தம்பி. சின்னது ரெண்டும் புத்தை விட்டு வெளியே வர மாட்டேங்குதுங்க. உடம்புல தெம்பு இல்ல."

அந்தச் சலுகையைக் கேட்டது யார் என்று உடும்பு சொல்லவில்லை. கீரியும் சொல்லவில்லை. உடும்பு முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் குஞ்சுகளிடம் கொண்டுபோய் வைத்தது. விடிந்ததும் குடும்பத்தோடு கரும்போரத்துக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம் மூங்கில்மேட்டு அணி சபையில் இன்னோர் ஆளுக்குச் சலுகை கேட்டது. கிடைத்தது. ஓடைக்கரை அணி மூன்றாவதாக ஓர் ஆளுக்குக் கேட்டது. அதுவும் கிடைத்தது. கேட்டவர்கள் எல்லாம் சின்ன அணிகள்தான். அந்த இடங்களை நிரப்பியது மட்டும் கரும்போரம். கல்தொட்டிகள் மைதானத்து ஓரத்தில் அப்படியே இருந்தன. சட்டத்தை யாரும் மீறவில்லை.

கீரி மறுபடியும் சபைக்குப் போனது.

"நான் கேட்டது தப்பு. எல்லாச் சலுகையையும் எடுத்துடலாம். தொட்டி மட்டும் போதும்."

ஓடைக்கரைத் தலைவரான நீர்நாய் மீசையைத் துடைத்துக்கொண்டது. "உனக்கு வேணும்னப்ப வாசலைத் திறக்கணும். உன் ஆள் போனதும் மூடணும். நல்லா இருக்கே கதை. எங்க பய ஒருத்தன் இப்பத்தான் நல்லா உதைக்க ஆரம்பிச்சிருக்கான். அவனுக்கு வெளியே ஓர் இடம் வேணாமா?"

"அவனுக்கு எதை வெச்சுப் போடுவே? ஓடையில மீன் இருக்கா?"

"இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம் வரும்."

"அதுவரைக்கும் அவன் இங்க இருப்பானா?"

"இருப்பான். அவன் எங்க பய."

கீரி நீர்நாயைப் பார்த்தது. தன் குரலையே இன்னொரு வாயிலிருந்து கேட்பது போல இருந்தது அதற்கு. சலுகையை எடுக்க ஓர் அணியும் ஒப்புக்கொள்ளவில்லை. கிழட்டுப் பன்றி கடைசிவரை பேசவே இல்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வறட்டுக்குளமும் கரும்போரமும் மோதின. கிளைகளில் மைனாக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. பந்து ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தது. எத்தனை கோல் என்று எண்ணுவதை நாரை நடுவில் விட்டுவிட்டது. எதிர்க்கோலில் நின்ற உடும்பு கொழுத்திருந்தது. அதற்கு வேலையே இல்லை. கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை முயல் பந்தோடு தனியாகப் பிரிந்து ஓடியது. மைனாக்கள் கழுத்தை நீட்டின. முயல் உதைத்தது. உடும்பு பாய்ந்து பிடித்தது. பிடிக்காமல் இருக்க அதற்குத் தெரியாது. பந்தை மார்போடு வைத்துக்கொண்டு அது ஒருமுறை கீரியைப் பார்த்தது. பிறகு பன்றிகள் பக்கம் உருட்டிவிட்டது. மைனாக்கள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். முயல் மூச்சு வாங்கியபடி கீரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"இப்பல்லாம் தொட்டியில தீனி மீந்து போவுது, தலைவரே," என்றது.

"சாப்பிடேன்."

"எறங்க மாட்டேங்குது."

கீரி எழுந்து குளத்துப் பக்கம் நடந்தது. முயல் பின்னால் போனது.

எல்லாரையும் காக்கப் போட்ட வேலியில் நமக்கென்று ஒரு வாசல் கேட்டு வாங்கினால், அதன் வழியே முதலில் நுழைவது நம்மைவிட வலியவன்தான்.

மைதானத்தில் வறட்டுக்குளத்துக் கோல் கம்பம் ஒன்று பந்து பட்டுப் பட்டுச் சாய்ந்திருந்தது. பன்றிகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக வந்த உடும்பு நின்றது. கம்பத்தை முதுகால் முட்டி நிமிர்த்தியது. அடியில் மண்ணைத் தள்ளி முன்னங்காலால் மிதித்து இறுக்கியது. பிறகு பன்றிகளின் பின்னால் நடந்தது.