இடக்கையால் நீட்டிய பேரீச்சம்பழம்

“எல்லாத்தையும் திருப்பிட்டேன் டீச்சர். இன்னும் என்னதான் வேணுமாம் அவருக்கு?”

கேட்ட தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்திரிகை ஆபீஸில் இருபத்தைந்து வருஷம் பக்கம் வடிவமைத்தவர். இப்போது அவருக்கு இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஜைனம்புவுக்கு முப்பத்திரண்டுதான். காயல்பட்டினத்துக்காரர். தமிழும் அரபியும் சரளமாக வாசிப்பார். வயது என்னவானாலும் டீச்சர் டீச்சர்தானே.

மஸ்கட்டில் ஓர் உணவகம். அதன் அரபிப் பக்கம்தான் தேவசகாயத்துக்குக் கிடைத்த முதல் வேலை.

முதல் தடவை, முக்கியமானதையெல்லாம் நம் வழக்கப்படி இடப்பக்க மூலையில் வைத்தார். வலமிருந்து வாசிக்கிற முதலாளியின் கண் போய் விழுந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பக்கம் திரும்பி வந்தது.

மனுஷனுக்கு ரோஷம். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரட்டிப்போட்டார். பொத்தான், படம், ஒன்று பாக்கியில்லை.

அதுவும் திரும்பி வந்தது. ‘பார்க்கவே அவமானமாக இருக்கிறது’ என்று ஒரே வரி.

இன்னொரு தடவை தவறினால் வேலை வேறு ஆளுக்கு. இந்த வயதில் மறுபடி யார் கூப்பிடுவார்கள்? அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஜைனம்பு திரையைப் பார்த்தார். மேஜையிலிருந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து, இடக்கையால் அவரிடம் நீட்டினார்.

தேவசகாயம் வாங்கவில்லை. தப்பே செய்திருந்தாலும் ஒரு மனுஷனுக்கு இப்படியா கொடுப்பது என்று மனசு வலித்தது.

ஜைனம்பு நீட்டிய கையை மடக்கவில்லை. கண்ணால் திரையைக் காட்டினார்.

அங்கே ஓர் அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். இடக்கையால்.

“ஐயோ,” என்றார் தேவசகாயம்.

மற்றதெல்லாம் அப்படியே நிற்க, படத்தை மட்டும் பழையபடி மாற்றினார். அம்மாவுக்கு வலக்கை திரும்பக் கிடைத்தது. உடனே அனுப்பப் போனவரை ஜைனம்பு நிறுத்தினார்.

“படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கே சார். என்னன்னு யாருகிட்டயாவது கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அந்த வரியை இரண்டு தடவை இடம் மாற்றி வைத்ததோடு சரி.

ஜைனம்பு வலப்பக்கம் விரலை வைத்து, மெதுவாக நகர்த்தி வாசித்தார்.

“‘எனக்கு முதல் கவளம் ஊட்டிய என் தாயின் கை.’”

தேவசகாயம் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கப் போனை எடுத்தார்.