இன்னாசி சொல்லாத வரி

ஒரே கோயில், இயேசு கற்றுத்தந்த ஒரே பரலோக மந்திரம், சொன்னவர்கள் மூவர். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வாளேந்திய வானதூதர் மிக்கேல் சம்மனசுக்குக் கோயில் கட்டிய கடற்கரை அது. விசைப்படகு முதலாளி கஸ்பார், வலைத் தகராறில், தானே சுக்கானைப் பிடித்து மீனவன் ராயப்பனின் சிறு வள்ளத்தின் மேல் படகை ஏற்றினான். ராயப்பன் செத்தான். உடனிருந்து நீந்திக் கரையேறிய அண்ணன் இன்னாசியின் சாட்சியை, சொந்தக்காரன் சாட்சி என்று கோர்ட்டில் தள்ளிவிட்டார்கள். விடுதலையான ஞாயிறே முதல் வரிசையில் முழங்காலிட்டு, ஊருக்கே கேட்கும்படி மந்திரம் சொன்னான் கஸ்பார். மானங்கெட்டவன்!

ராயப்பனின் மனைவி பிரகாசியும் மந்திரத்தை முழுதாகச் சொன்னாள். முடித்ததும், "சம்மனசே, சுக்கான் புடிச்ச அந்தக் கைய முறி" என்று தினமும் மன்றாடினாள். இன்னாசி மட்டும், "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று பகைவரை மன்னிக்கும் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்வான். கடவுளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

திருவிழா அன்று சம்மனசுக்கு வெள்ளி வாள் சாத்த மேளதாளத்துடன் வந்தான் கஸ்பார். துடுப்போடு வாசலை மறித்து நின்றான் இன்னாசி.

"வழிய விடுப்பா. கோயில் பாவிகளுக்குத்தான்" என்றார் பங்குச் சாமியார்.

"பாவின்னு அவன் வாயால சொல்லட்டும் சாமி. நானே கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்."

"என்னலே சொல்லணும்? கோர்ட்டே விட்டாச்சு" என்று கஸ்பார் அவனைப் பிடித்துத் தள்ளினான். துடுப்பு இறங்கியது. கஸ்பாரின் வலது கை முறிந்தது. பிரகாசி ஓடிவந்து, முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கட்டும்போதே அவன் காதில், "இதுக்குத்தான் முட்டி தேய மன்றாடுனேன்" என்றாள்.

கஸ்பார் போலீசுக்குப் போகவில்லை. "இன்னாசியை மன்னித்துவிட்டேன்" என்று கோயிலில் எழுந்து அறிவித்தான். ஊரே உருகிப்போயிற்று. அன்று, பாவத்துக்கு வருந்தியவர்களே வாங்கவேண்டிய நற்கருணை அப்பத்தை வாங்கப் பிரகாசி போனாள், கஸ்பார் போனான். இன்னாசி எழுந்திருக்கவில்லை. சாமியார் காரணம் கேட்டார்.

"அடிச்சது பாவம்னு தெரியுது சாமி. வருத்தந்தான் வர மாட்டேங்குது."

மூவரில் அந்த மந்திரத்தை உண்மையாகச் சொன்னவர் யார்?

விடை: இன்னாசிதான். அவன் அடித்ததைப் புண்ணியம் என்று நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. பிரகாசி மன்னித்ததாகச் சொல்லிக்கொண்டே அடியைச் சம்மனசிடம் ஒப்படைத்தாள். கஸ்பார் தான் வாங்கிய அடியை மன்னித்தான். தன் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வரியும் அதே மந்திரத்தில்தான் இருக்கிறது. இன்னாசி விட்ட வரியை இன்னாசியின் வாய்க்குக் கொண்டுவர, "நான்தான் கொன்றேன்" என்று கஸ்பார் சொன்னால் போதும். முறிந்தது கைதான், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அவன் சொல்லவில்லை.