எந்தத் துறைக்கு, எசமான்?

தன்னைத் தானே ஆராயப் போவதாக ஊரெல்லாம் தமுக்கடித்துச் சொல்லிவிட்டு, ஆற்று நடுவிலுள்ள பாறை மண்டபத்தில் நாற்பது நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் ஜமீன்தார் நஞ்சராயர். திரும்பும் நாளில் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஒரு தெளிவும் வரலை! எல்லாம் உன் பரிசல்ல ஏறின நேரம்" என்று பரிசல்காரி சடைச்சி மேல் பாய்ந்தார். "கரை சேர்றதுக்குள்ள எனக்குத் தெளிவு வரணும். இல்லைன்னா நாளையிலிருந்து நீ துடுப்பைத் தொடக் கூடாது."

"ஆகட்டும் எசமான்" என்றாள் சடைச்சி. ஒரே பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் துடுப்புப் போட்டாள். பரிசல் இருந்த இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. ராயரின் தலைப்பாகை நழுவியது.

"அடியே, எங்கே போறே?"

"எந்தத் துறைக்குன்னு எசமான் சொல்லலையே. அதான் சும்மா துடுப்புப் போடுறேன்."

"கோயில் துறைக்குத்தான்!"

உடனே பரிசல் நேராகப் போனது. சடைச்சி மெதுவாகக் கேட்டாள்: "மண்டபத்துல எதைத் தெரிஞ்சுக்கணும்னு எசமான் உட்கார்ந்தீங்க?"

"எல்லாத்தையும்தான்..." என்று இழுத்தார் ராயர். துறையில் அவரை வரவேற்க மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள்.

"பரிசலைத் திருப்பு. மண்டபத்துக்கே போ" என்றார் கடைசியில். "என் தம்பி ஏன் என் வீட்டு வாசலை மிதிக்கிறதில்லைன்னு யோசிக்கணும்."

துடுப்பு பறிபோகாது என்ற நிம்மதியில் சடைச்சி பரிசலைத் திருப்பினாள். "அதுக்கு நாற்பது நாள் ஆகாது எசமான். சாயங்காலமே கூட்டிப் போக வர்றேன்."

சாயங்காலம் அவள் கேட்கும் முன்னே ராயர் சொன்னார்: "தம்பி ஊர்த் துறைக்கு விடு."

பரிசல் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.