துண்டுக்கடியில் மட்டை

“ஏன் அம்மிணி, எம்பந்து மட்டும் வலையவே கட்டிக்கிட்டு அழுவுது?”

திருமூர்த்தி மட்டையை எறியாத குறையாக மேசைமேல் வைத்தார். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். கோபம் மூக்கு நுனியில்.

நிலோஃபர் அவருக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுப்பவள். வயதில் அவருக்குப் பாதி.

கடைசி செட். பதினொன்று எடுத்தால் ஜெயம். ஒன்பதுக்கு ஒன்பது. எதிரே வக்கீல் செபாஸ்டின். ஜெயிப்பவருக்குத்தான் கிளப் அணியில் இடம். மூன்று வருசமாக அது வக்கீலைவிட்டு நகரவில்லை.

ஆறு புள்ளிக்கு ஒருதரம் துண்டெடுத்து முகம் துடைக்கலாம். துடைக்கிற நேரம்தான் இருந்தது.

“அந்த மனுசன் பந்தை அடியில வெட்டி வெட்டி அனுப்பறான். நான் என்ன போடு போட்டாலும் வலையிலயே உழுவுது.”

“போடாதீங்கண்ணா. கீழயிருந்து தேச்சுத் தூக்குங்க. சுத்தவிட்டா அதுவே தாண்டிரும்.”

“மூணு மாசமா இதையேதான் சொல்ற. தேய்க்கறதுக்கு இதென்ன முதுகா?”

அவள் அவர் தோளிலிருந்த துண்டை உருவி அவருடைய வலக்கைமேல் போட்டாள். துண்டுக்கடியில் மட்டையின் கைப்பிடியை நீட்டினாள்.

“இது மாட்டுக்காரன் விரல். வெலை பேசுங்க.”

“வெளையாடற நேரமா இது?”

“பேசுங்க.”

சந்தையில் விலை பேசுவது வாயால் அல்ல, துண்டுக்கடியில் விரலால். பத்தொன்பது வயதில் பழகிய கை. தானாகப் போய்ப் பிடித்தது.

“ஏண்ணா இவ்வளவு லேசாப் புடிக்கறீங்க?”

“அழுத்திப் புடிச்சா நம்ம அவசரம் அவனுக்குத் தெரிஞ்சுபோயிருமல்ல? அப்புறம் அவன் விரல் சொல்றது நமக்கு எப்படி...”

நின்றுவிட்டார்.

அவள் துண்டை எடுத்துக்கொண்டாள். மட்டை அவர் கையிலேயே இருந்தது.

வக்கீல் வெட்டினார். பந்து தாழ்வாக வந்தது.

திருமூர்த்தியின் கை கீழே போய் உரசிக்கொண்டு மேலே வந்தது. எப்போதும் கேட்கிற ‘டப்’ இல்லை. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு ‘சர்’. பந்து வலைக்கு மேலே ஏறி, தாண்டியதும் குப்புற விழுந்து, மேசையில் பட்டுச் சீறியது. வக்கீல் மட்டையில் மோதி மின்விசிறிவரை போனது.

பத்து, ஒன்பது. கிளப்பே எழுந்து நின்றது.

அடுத்ததை வக்கீல் இன்னும் ஆழமாக வெட்டினார். ஓங்கி ஒன்று போடச்சொல்லித் தோள் துடித்தது. விரல்கள் கேட்கவில்லை.

சர்.

வக்கீல் மட்டையைத் திருப்புவதற்குள் பந்து அவர் விலாவை உரசிக்கொண்டு சுவருக்குப் போய்ச் சேர்ந்தது.

வக்கீல் வலைக்கு மேலே கை நீட்டினார்.

“இப்படி ஒரு பந்தை உங்ககிட்ட பாத்ததே இல்லீங்களே. எப்பக் கத்துக்கிட்டீங்க?”

திருமூர்த்தி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அது ஆச்சுங்க, முப்பது வருசம்.”